மான் வேலியும் மறியல் தண்டனையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

சென்ற வாரம் இதே பகுதியில் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். சிறு குற்றம் செய்தவர்களைச் ‘சமுதாயச் சேவை’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவது வெறும் கண்துடைப்பு, மறியலுக்கு, அதாவது சிறைக்குப் போனால்தான் பயம் வரும் என்பது அவருடைய வாதம். அவருடைய கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. என் வீட்டுக் கிணற்றடியிலும் ஒரு முறை தண்ணீர் மோட்டரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பொலிஸார் ஆளைப் பிடித்தார்கள், அவன் ஆறு மாதம் உள்ளே இருந்தான். மோட்டர் இன்றுவரை திரும்பவில்லை. அவன் உள்ளே இருந்த ஆறு மாதமும் நான் வாளி போட்டுத்தான் அள்ளினேன். நட்டஈடு கொடுக்கும்படி கட்டளையிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று பின்னால்தான் ஒரு சட்டத்தரணி எனக்குச் சொன்னார். நானும் கேட்கவில்லை, எவரும் எனக்காகக் கேட்கவுமில்லை.

நான் சட்டம் படித்தவன் அல்லன். மூதூர், கிண்ணியா, குச்சவெளி என்று இந்தத் திருகோணமலை மாவட்டத்துத் தபாற்கந்தோர்களில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து, அஞ்சல் அதிபராக ஓய்வு பெற்றவன். அந்த வேலையில் சிறையைக் கடிதங்களின் வழியாகத்தான் அறிந்தேன். சிறைச்சாலை முத்திரை குத்திய கடிதத்தைக் கையில் வாங்கும் தாய், முதலில் பின்னால் வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார். எழுத்துத் தெரியாதவர்கள், “ஐயா, கூட்டம் கலைந்த பிறகு வாசித்துச் சொல்லுங்கள்” என்று ஓரமாக நிற்பார்கள். யுத்த காலத்தில் வந்த சிறைக் கடிதங்கள் வேறு. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கொண்டு போகப்பட்ட பிள்ளைகளின் கடிதங்கள் அவை. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் உங்கள் பத்திரிகையில் இடம் போதாது. நான் இங்கே சொல்ல வந்தது கசிப்பு என்னும் கள்ளச் சாராயம், கஞ்சாச் சரை, சில்லறைக் களவு, அடிபிடி ஆகியவற்றுக்காக உள்ளே போகிறவர்களைப் பற்றி மட்டுமே.

எங்கள் ஒழுங்கையில் ஒரு விதவைத் தாய் இடியப்பம் அவித்து விற்கிறார். அவருடைய மகன் மேசனுக்குக் கையாளாக வேலை செய்பவன். இரண்டு போத்தல் கசிப்போடு பிடிபட்டான். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். 25,000 ரூபா தண்டப்பணம், கட்டத் தவறினால் மூன்று மாதச் சிறை என்று தீர்ப்பு. அன்றைக்கு வீட்டில் இருந்தது 4,000 ரூபாவுக்கும் குறைவு. தோடு ஏற்கெனவே அடைவில் இருந்தது. பையன் உள்ளே போனான். பிறகு வேறு மாவட்டத்துச் சிறைக்கு மாற்றினார்கள். நன்னடத்தைக் கழிவு போக, இரண்டு மாதமும் சில நாட்களும் இருந்துவிட்டு வந்தான்.

தபாற்கந்தோர்ப் புத்தி போகாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவனுடைய ஒரு நாள் கூலி 3,000 ரூபா. தண்டப்பணம் முழுவதும் ஒன்பது நாள் கூலிக்குள் அடங்கிவிடும். அந்த ஒன்பது நாள் பணம் கையில் இல்லாததற்கு இரண்டு மாதத்துக்கு மேல் கூலி போயிற்று. தாய் நான்கு தடவை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். போகும் நாளில் இடியப்பம் இல்லை. இத்தனைக்கும் தண்டப்பணத்தைத் தவணையில் கட்ட அனுமதிக்கும்படி நீதவானிடம் கேட்க வழி உண்டு. ஒரு பகுதியைக் கட்டினால் அதற்கேற்ப நாட்கள் குறையும். இரண்டையும் அந்தக் குடும்பத்துக்கு எவரும் சொல்லவில்லை. நானும் அடுத்த வீட்டில்தான் இருந்தேன். எனக்கும் அப்போது தெரியாது.

பயம் வந்ததா என்று அந்த வாசகர் கேட்பார். நானும் பையனிடம் கேட்டேன். “ஒருக்களித்துத்தான் படுக்கலாம் ஐயா. நான் மற்றப் பக்கம் திரும்பவேண்டுமென்றால் வரிசையில் இருக்கிற எல்லோரும் திரும்பவேண்டும்” என்றான். பயத்தைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு அவனைத் தேடி ஒழுங்கைக்குள் வரும் மோட்டார் சைக்கிள்கள், அவன் கசிப்புக் கடத்திய காலத்தில் நான் கண்டவை அல்ல. நம்பர்ப் பலகையும் இந்தப் பக்கத்தவை அல்ல.

அவன் சொன்ன படுக்கைக் கதையில் மிகை இல்லை. இலங்கையின் சிறைகள் எல்லாவற்றிலும் சேர்த்துச் சுமார் 13,000 பேருக்குத்தான் இடம் இருக்கிறது. 2023 டிசெம்பரில் ‘யுக்திய’ என்ற பொலிஸாரின் போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கை தொடங்கிக் கண்டபடி ஆட்களை அள்ளிய பிறகு, 2024இல் உள்ளே இருந்தவர்களின் தொகை 30,000ஐத் தாண்டியது. அவர்களில் பெரும்பாலானோர் தண்டனையே பெறாதவர்கள், வழக்கு முடியக் காத்திருக்கும் விளக்கமறியல்காரர்கள். 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டம், பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்கிறது. நடப்பது தலைகீழ். தண்டனை பெற்று உள்ளே போகிறவர்களை எடுத்துக்கொண்டாலும், ஆண்டுதோறும் அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் எங்கள் ஒழுங்கைப் பையனைப் போலத் தண்டப்பணம் கட்ட முடியாமல் போகிறவர்கள். 2020 நவம்பர் 29ஆம் திகதி மஹர சிறையில் கொரோனாப் பயத்தில் கலவரம் மூண்டு 11 கைதிகள் உயிரிழந்தபோது இரண்டு வாரம் பத்திரிகைகளில் நெரிசலைப் பற்றி எழுதினோம். பிறகு விட்டுவிட்டோம்.

இன்னொரு வேடிக்கை. வெசாக் வந்தால், சுதந்திர தினம் வந்தால், நத்தார் வந்தால் ஜனாதிபதியின் பொது மன்னிப்பு வருகிறது. அதில் வெளியே வருகிறவர்களில் தண்டப்பணம் கட்டாதவர்கள் ஏராளம். வெசாக்குக்கு வெளியே விடத் தக்க ஒருவனைச் சித்திரையில் எதற்காக உள்ளே போட்டோம்?

இனி, அந்த வாசகர் குறை கூறிய தண்டனைக்கு வருகிறேன். இது புதிதாக முளைத்த ஒன்றல்ல. சிறைக்குப் பதிலாக ஊருக்கு வேலை செய்யவைக்கும் ஏற்பாடு எழுபதுகளிலேயே எங்கள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையிலும் அது இருக்கிறது. 1999இல் 46ஆம் இலக்கச் சட்டமாகச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டத்தைத் தனியாகவே கொண்டுவந்து, அதற்கென ஒரு திணைக்களத்தையும் அமைத்தார்கள். சிறு குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல், இத்தனை மணித்தியாலம் சம்பளமின்றிப் பொது வேலை செய், ஆலோசனைக்குப் போ, போதைப் பழக்கமிருந்தால் சிகிச்சைக்குப் போ என்று நீதவான் கட்டளையிடலாம். மேற்பார்வைக்கு உத்தியோகத்தர் இருக்கிறார். கட்டளையை மீறினால் ஆள் மீண்டும் நீதவான் முன்னால் நிற்கவேண்டும். அப்போது சிறையும் கிடைக்கலாம். ஆகவே ‘வீட்டுக்கு அனுப்புகிறார்கள்’ என்பது பிழை.

சட்டம் வந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. பிறகு ஏன் நடப்பது குறைவாக இருக்கிறது? அரசாங்கத்தைத் திட்டுவது எனக்கும் பிடித்தமான காரியம்தான். ஆனால் எங்கள் கோயிலில் நடந்ததைப் பார்த்த பிறகு, குறையில் ஒரு பெரும் பங்கு எங்கள் பக்கத்தில் இருக்கிறது என்று எழுதாமல் இருக்க முடியவில்லை. நீதவான் வேலை செய் என்று சொல்லலாம். வேலை செய்ய ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைக் கொடுக்க ஊரில் எவரும் முன்வருவதில்லை.

கோட்டைக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு பிள்ளையார் கோயிலின் பரிபாலன சபைக்கு நான் செயலாளர். ஒரு நாள் அந்த மேற்பார்வை உத்தியோகத்தர் சைக்கிளில் வந்தார். ஒருவருக்கு நூறு மணித்தியாலம் வேலை கொடுக்க முடியுமா என்று கேட்டார். எங்களுக்கு முன்னால் மூன்று இடங்களில் கேட்டு, மூன்றிலும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். ஆள் கடற்கரைப் பக்கத்தவர், வலை பொத்துகிறவர், சிறு கஞ்சாச் சரையோடு பிடிபட்டவர். சபையைக் கூட்டினேன்.

ஒன்பது பேர் இருந்தோம். “உண்டியல் இருக்கிற இடத்துக்கு மறியல்காரனையா கூட்டி வருவது?” என்று பொருளாளர் எடுத்த எடுப்பிலேயே கேட்டார். அவன் மறியலுக்குப் போகவில்லை, போகாமல் இருப்பதற்குத்தான் இங்கே வருகிறான் என்று நான் இரண்டு தடவை விளக்கவேண்டியிருந்தது. கோயிலின் புனிதம் கெடும் என்றார் இன்னொருவர். எங்கள் மதிலில் பெயர் பொறித்த உபயகாரர் ஒருவருடைய தொழில் என்ன என்பது திருகோணமலை நகரம் முழுவதற்கும் தெரியும். அப்போது கெடாத புனிதம் இப்போது ஏன் கெடுகிறது என்று கேட்க வாயெடுத்தேன். குருக்கள் கண்ணால் சாடை காட்டியதால் நிறுத்திக்கொண்டேன். கடைசியில் ஐந்துக்கு நான்கு என்று தீர்மானம் நிறைவேறியது. நிபந்தனைகள் போட்டார்கள். அடியார் கூட்டம் இல்லாத புதன்கிழமையில் மட்டும் வரவேண்டும். உள்வீதிக்குள் வரக்கூடாது. தேநீர் கொடுப்பதானால் தனிக் குவளை. மூன்றாவதைக் கேட்டதும் நான் எழுந்துவிட்டேன். அந்த ஒன்றை மட்டும் வெட்டினார்கள்.

முதற் புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ஆள் வந்தார். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். வெளி மதிலோரத்துப் புல்லைச் செருக்கும்படி சொன்னோம். செருக்கினார். பித்தளை விளக்குகளைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கச் சொன்னோம். தேய்த்தார். நான் ஒரு பதிவுப் புத்தகம் போட்டேன்: வந்த நேரம், போன நேரம், செய்த வேலை, கையொப்பம். இந்த வயதில் ஒரு பதிவேடு கையில் கிடைத்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். உத்தியோகத்தர் முன்னறிவித்தல் இல்லாமல் இரண்டு தடவை வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாவது புதனோ நான்காவது புதனோ, நந்தவனத்தைப் பார்த்து ஆள் சிரித்தார். திருகோணமலைக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் நகரத்தில் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் கடைத்தெருவிலும் பஸ் நிலையத்திலும் மாடுகளைப் போலத் திரியும். வருகிறவர்கள் அவற்றோடு படம் பிடித்துக்கொண்டு போவார்கள். செவ்வரத்தையை அவை என்ன செய்யும் என்பது இங்கே தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். பூசைக்கு எங்கள் நந்தவனத்திலிருந்து ஒரு பூக்கூடப் பறிக்க முடியாமல் இரண்டு வருடமாகச் சந்தையில் வாங்கிக்கொண்டிருந்தோம். முள்ளுக்கம்பி வேலி போடலாம் என்று ஒரு முறை விலை கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டோம்.

“கழித்துப்போட்ட வலை கிடைக்கும் ஐயா. கொண்டுவரட்டுமா?” என்று கேட்டார்.

அடுத்த புதன் ஒரு சாக்கு நிறைய நைலோன் வலை வந்தது. வெயிலில் வெளிறி, நூறு இடத்தில் கிழிந்த வலை. அரசமரத்து நிழலில் உட்கார்ந்து, ஒரு நுனியைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியால் முடிச்சுப் போட்டுக்கொண்டே போனார். கை போகிற வேகத்தில் முடிச்சு எங்கே விழுகிறது என்று எனக்குக் கண்ணில் படவில்லை. கண் அளவைச் சரி பார்க்க ஒரு சிறிய பலகைத் துண்டு வைத்திருந்தார். இரண்டு வலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கண்ணைச் சிறிதாக்கினார். எதற்கு இவ்வளவு வேலை, ஒன்றே போதாதா என்று கேட்டேன்.

“கண் பெரிதாக இருந்தால் கொம்பு மாட்டும் ஐயா. பிறகு மான் செத்தால் அதற்கும் என்னைத்தான் பிடிப்பார்கள்.”

குருக்கள் சிரித்த சிரிப்பில் பொருளாளரே வெளியே வந்து பார்த்தார். வலையைப் பூவரசந்தடி நட்டுக் கட்டி முடிக்க ஏழு புதன்கிழமை எடுத்தது. எட்டாவது வாரம் நந்தியாவட்டை மொட்டு வைத்தது, செவ்வரத்தை துளிர்த்தது. அதற்குள் மிஞ்சிய நிபந்தனைகளும் தானாகவே தளர்ந்துவிட்டன. புதன்கிழமை வருகிற பெண்கள் அவரோடு கதைத்தார்கள். உள்வீதியில் வௌவால் எச்சம் கழுவ ஆள் வேண்டியபோது கூப்பிட்டதே பொருளாளர்தான். இருபது புதன்கிழமையில் நூறு மணித்தியாலம் முடிந்தது. கடைசி நாள் கையொப்பம் வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை. மீன் சந்தையில் ஒரு முறை கண்டேன், தலையாட்டினார். கஞ்சாவை விட்டுவிட்டாரா என்று நான் கேட்கவில்லை.

எல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று சொல்ல வரவில்லை. இரண்டாவதாக வந்த ஆள் இரண்டு புதன் வந்தான், மூன்றாம் புதன் வரவில்லை. உத்தியோகத்தர் நீதிமன்றத்துக்கு அறிவித்தார். நாங்கள் சொல்லவில்லையா என்று நான்கு பேர் ஒரு மாதம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இன்னோரிடத்தில், தண்டனைக்கு வந்தவரைக் கொண்டு நிர்வாகி ஒருவர் தன் சொந்தக் காரைக் கழுவவைத்தார் என்றும் கேள்விப்பட்டேன். அது பொது வேலை அல்ல. அப்படிச் செய்கிறவர்களுக்கு இனி ஆள் அனுப்பாமல் விடவேண்டும். கத்தி எடுத்தவனையும், பெண்பிள்ளைகளிடம் கை வைத்தவனையும் கோயிலுக்கு அனுப்புங்கள் என்றும் நான் கேட்கவில்லை. அவர்களுக்காகச் சிறை இருக்கட்டும். அங்கே அவர்களைத் திருத்துகிற வேலை நடக்கவேண்டுமென்றாலும் இடித்துத் தள்ளாத அளவுக்கு இடம் வேண்டுமே.

நகரத்தில் இருக்கும் எங்களுக்கு இது சுலபம். வெருகலில், ஈச்சிலம்பற்றில் இருக்கும் ஒருவருக்குத் திருகோணமலையில் வேலை கொடுத்தால் பஸ் காசுக்கே அவர் கடன் படவேண்டும். அன்றைய கூலியும் போய்விடும். நாலு வாரத்தில் வராமல் விட்டுவிடுவார், நாங்கள் அவரைத் திருந்தாதவர் என்போம். ஆகவே ஒவ்வோர் ஊரிலும் இடம் வேண்டும். மூதூரில் ஒரு பள்ளிவாசல், குச்சவெளியில் ஒரு பாடசாலை, தம்பலகாமத்தில் ஒரு கோயில், பாலையூற்றில் ஒரு தேவாலயம் முன்வந்தால் போதும். பிரதேச சபைகளைக் கேட்கவே வேண்டாம். கடற்கரையில் மான்கள் தின்னும் பொலித்தீனைப் பொறுக்க மட்டும் வருடம் முழுவதும் ஆள் தேவைப்படும். அந்த உத்தியோகத்தரை நீதவான் நீதிமன்றத்தில் விசாரித்தால் கண்டுபிடிக்கலாம். உங்களிடம் என்ன வேலை இருக்கிறது, யார் பொறுப்பாக நின்று கையொப்பம் வாங்குவார் என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் சரி.

இப்போது எங்கள் சபையின் முன்னால் மூன்றாவது கோரிக்கை இருக்கிறது. இந்த முறை பெண். கசிப்பு விற்றவர், கைக்குழந்தைக்காரி. அறுபது மணித்தியாலம். துடக்கு, தீட்டு என்று கூட்டத்தில் கதை தொடங்கிவிட்டது. பூமாலை கட்டச் சொல்லலாம் என்றேன், நந்தவனத்தில் இப்போது பூ இருக்கிறதே. சாமிக்குப் போகும் மாலையை அவர் கட்டுவதா என்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு முன் முடிவு சொல்லவேண்டும். எங்கள் சபை மறுத்துவிட்டால், நகரத்துக்குள் குழந்தையோடு ஒருவர் வந்து வேலை செய்யக்கூடிய பாலர் பாடசாலையோ வாசிகசாலையோ வைத்திருக்கும் வாசகர்கள் தயவுசெய்து முன்வரவேண்டும். நான் பதிவுப் புத்தகத்தோடு அங்கே வந்து உட்காரத் தயார்.

என் பெயரைப் போட்டால் கோயிலும், கோயிலைக் கொண்டு அந்த ஆட்களும் அடையாளம் தெரிந்துவிடுவார்கள். எனவே பெயரை வெளியிடவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் அதிபர் ஒருவர்,
திருகோணமலை.